‘வயசாயிடுச்சு’ என்று சொல்வதற்கு முன் ஓர் எக்ஸ்-ரே

(முதியோர் நலம் குறித்த வாசகர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேர் என் வயசுக்காரங்க. மீதிப் பேர் எங்க அப்பா, அம்மா வயசு. நம்ம எல்லார் வீட்டிலும் ஒரு பாட்டியோ, தாத்தாவோ, பெரியம்மாவோ இருப்பாங்க. இன்னைக்கு நான் பேசப் போறது அவங்க முதுகைப் பற்றி.

முதல்லயே ஒன்று சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை. தகவல் துறையில் எழுதுகிற வேலை. எந்த மருந்து, எவ்வளவு நாள் என்பதை உங்க டாக்டர்தான் சொல்லணும். ஆனா அந்த டாக்டர்கிட்ட போய் என்ன கேட்கணும் என்பதை நாம தெரிஞ்சு வச்சுக்கலாம். அதுக்குத்தான் இந்தப் பேச்சு.

வீட்ல பெரியவங்க யாராவது ‘முதுகு வலிக்குதுப்பா’ன்னு சொன்னா, நாம வழக்கமா சொல்ற பதில் மூணு. ஒன்று, ‘வாய்வுப் பிடிப்பா இருக்கும்’. இரண்டு, ‘சுளுக்கா இருக்கும்’. மூன்று, ‘வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்’. வாய்வுன்னா பூண்டு, பெருங்காயம்னு ஒரு கை வைத்தியம் உண்டு. சுளுக்குன்னா எண்ணெய் போட்டு நீவி விடுவோம். மூணாவது பதிலுக்கு வைத்தியமே கிடையாது. அங்கதான் பிரச்சினை ஆரம்பிக்குது.

ஏன்னா, அந்த வலி சில சமயம் முதுகெலும்பு முறிவா இருக்கும். கீழே விழாமலேயே எலும்பு முறியுமா என்று கேட்பீங்க. முறியும். டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வரும்போது ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டாலே போதும். குனிந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினாலோ, பலமா ஒரு தும்மல் போட்டாலோகூட சிலருக்கு முறிவு வரலாம்.

உள்ளே என்ன நடக்கிறது?

வீட்டு உத்தரத்தைச் செல் அரிப்பதைப் பார்த்திருப்பீங்க. வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும். உள்ளே மட்டும் பொடிப்பொடியா ஆகிக்கிட்டு வரும். ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்புப்புரை நோயும் அப்படித்தான். எலும்பின் அடர்த்தி மெல்லக் குறைகிறது. வலி கிடையாது, வீக்கம் கிடையாது. முதல் அறிகுறியே முறிவுதான் என்பது பல பேர் விஷயத்தில் உண்மை.

நம் உடம்பு பழைய எலும்பைக் கரைத்து, புது எலும்பைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. இளம் வயதில் கட்டுவது அதிகம். வயது ஏற ஏற கரைவது அதிகம். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அந்தக் கரைதல் வேகம் பிடிக்கிறது. அதனால்தான் பெண்களிடம் இது கூடுதலாக வருகிறது. அதற்காக ஆண்களுக்கு வராது என்று அர்த்தமில்லை. புகை, மது, நீண்ட நாள் சர்க்கரை நோய், சிறுநீரகப் பாதிப்பு, தைராய்டு சுரப்பு அதிகமாவது எல்லாம் எலும்பைக் குறைக்கும்.

இன்னொரு முக்கியக் காரணம் ஸ்டீராய்டு. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ டாக்டர் தருகிற ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவர்கள் எலும்பைப் பற்றி அவரிடமே கேட்க வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது, அது ஆபத்து. ஆனால் ‘மூட்டு வலிக்கு ஸ்பெஷல்’ என்று பெயர் போடாத பொட்டலத்தில் வருகிற பொடிகளும் மாத்திரைகளும் வேறு கதை. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. வலி மாயமா போகும். எலும்பும் கூடவே போகும்.

முதுகெலும்பு என்பது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கட்டைகள் மாதிரி. அடர்த்தி குறைந்த கட்டையின் முன்பக்கம் பாரம் தாங்காமல் நசுங்கும். பின்பக்கம் அப்படியே நிற்கும். கட்டை ஆப்பு வடிவமாகிவிடும். ஒரு கட்டை நசுங்கினால் உயரம் கொஞ்சம் குறையும். இரண்டு, மூன்று நசுங்கினால் முதுகு கூன ஆரம்பிக்கும். கூன் விழுந்தால் நுரையீரல் விரிய இடம் குறையும். வயிறு நெருக்கப்படுவதால் இரண்டு வாய் சாப்பிட்டதுமே போதும் என்று தோன்றும். உடம்பின் பாரம் முன்னால் போவதால் கீழே விழும் ஆபத்தும் கூடும். ‘பாட்டி சரியா சாப்பிட மாட்டேங்கறாங்க’ என்பதற்கும் பாட்டியின் முதுகுக்கும் சில வீடுகளில் தொடர்பு இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதுகெலும்பு முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் முறிவு என்று உடனே கண்டறியப்படுகிறது. மீதி எல்லாம் ‘வயசு’ கணக்கில் போய்விடுகிறது. அதனால் வீட்டிலேயே கவனிக்க வேண்டியவை சில.

முதலில் சுவர். பெரியவரைக் குதிகால் சுவரில் படும்படி நேராக நிற்கச் சொல்லுங்கள். தலையின் பின்பக்கம் சிரமமில்லாமல் சுவரைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் கவனிக்கணும். அப்போது பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள நிற்கட்டும். அடுத்தது பழைய போட்டோ. அந்தக் காலத்துக் கல்யாண போட்டோவில் தாத்தாவின் தோள் வரை இருந்த பாட்டி, இப்போது எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். இளம் வயது உயரத்திலிருந்து 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் எக்ஸ்-ரே பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். மூன்றாவது, திடீரென்று வந்த முதுகு வலி. நின்றால், நடந்தால் அதிகம். படுத்தால் குறைகிறது. தேதி சொல்லும் அளவுக்குத் திடீரென்று வந்தது என்றால் தள்ளிப் போடாதீங்க.

எக்ஸ்-ரே பக்கவாட்டுக் கோணத்தில் எடுத்தால்தான் கட்டை நசுங்கியிருப்பது நன்றாகத் தெரியும். முறிவு அதிகம் ஏற்படும் இடம் மேல் முதுகும் இடுப்பும் சேருகிற பகுதி. ஆனால் வலி அதற்குக் கீழே, இடுப்பில் தெரியலாம். அதனால் ‘இடுப்பை மட்டும் எடுத்தா போதுமா, மேல் முதுகும் சேர்த்து எடுக்கணுமா’ என்று கேளுங்கள்.

எலும்பு அடர்த்தியை அளக்க டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது. அதில் டி-ஸ்கோர் என்று ஓர் எண் வரும். 1994-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகோல்படி மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. இந்த ஸ்கேன் எல்லா ஊரிலும் இருக்காது. அதற்காகச் சிகிச்சை நிற்க வேண்டியதில்லை. பெரிய அடி ஏதும் படாமல் வயதானவருக்கு முதுகெலும்பு முறிந்திருக்கிறது, வேறு நோய் காரணமில்லை என்றால், அந்த முறிவை வைத்தே டாக்டர் எலும்புப்புரை என்று முடிவுக்கு வரலாம்.

வேறு நோய் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? முதுகெலும்பில் காசநோய் வரும். புற்றுநோய் பரவும். காய்ச்சல், எடை குறைதல், படுத்தாலும் குறையாத இரவு வலி, ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவர் என்றால் உடனே சொல்ல வேண்டும். காலில் பலம் குறைந்தாலோ, மரத்துப் போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ காத்திருக்கவே கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

முறிவுக்குச் சிகிச்சை என்ன?

பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படாது. வலி ஆறிலிருந்து பன்னிரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறையும். ஆரம்பத்தில் வலி மருந்தும் சில நாள் ஓய்வும் தேவை. வலி மாத்திரையை மெடிக்கலில் நாமாக வாங்கித் தரக் கூடாது. டைக்ளோஃபெனாக் மாதிரியான மாத்திரைகள் வயதானவர்களின் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கலாம், ரத்த அழுத்தத்தையும் ஏற்றலாம்.

ஓய்வு என்றால் மாதக்கணக்கில் கட்டிலில் கிடத்துவது இல்லை. இதை அழுத்திச் சொல்றேன். பாசத்தில் ‘நீங்க எழுந்திருக்கவே வேண்டாம்’ என்று சொல்லிவிடுகிறோம். படுத்தே இருந்தால் தசை கரையும், எலும்பும் இன்னும் கரையும். சளி கட்டும், படுக்கைப் புண் வரும். தாங்கக்கூடிய அளவுக்கு வலி குறைந்ததும் டாக்டர் சொல்கிறபடி நடக்க வைக்க வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். இடுப்புப் பெல்ட், பிரேஸ் எல்லாம் டாக்டர் சொன்னால் மட்டும், சொன்ன காலத்துக்கு மட்டும்.

செய்யவே கூடாதவையும் உண்டு. முதுகை அழுத்திச் சுளுக்கு எடுப்பது, நெட்டி முறிப்பது, பேரப்பிள்ளையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது. ஆமாம், சிரிக்கிறீங்க, ஆனா இது நடக்குது. முறிந்த கட்டையின் மேல் இன்னும் பாரம் ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசிச்சுப் பாருங்க.

சிமென்ட் ஊசி என்று கேள்விப்பட்டிருப்பீங்க. நசுங்கிய கட்டைக்குள் ஊசி வழியாக எலும்புச் சிமென்ட் செலுத்தும் இந்த முறையின் பெயர் வெர்ட்டிப்ரோபிளாஸ்டி. முதலில் ஒரு பலூனை விரித்துவிட்டுச் சிமென்ட் செலுத்தினால் அது கைஃபோபிளாஸ்டி. இதை எல்லாருக்கும் செய்ய வேண்டியதில்லை. 2009-இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், சிமென்ட் வைத்தவர்களுக்கும் வைப்பது போலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் வலி கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் குறைந்தது. அதன் பிறகு, மருந்துக்கு அடங்காத கடும் வலி உள்ளவர்களுக்கு மட்டும் யோசித்துச் செய்வது என்ற நிலைக்குப் பல மருத்துவர்கள் வந்திருக்கிறார்கள். யாராவது பரிந்துரைத்தால் ‘மருந்தும் பயிற்சியும் பார்த்துட்டு முடிவு பண்ணலாமா?’ என்று மரியாதையாகவே கேட்கலாம். நரம்பு அழுத்தப்பட்டிருந்தால் அது வேறு. அங்கே அறுவை சிகிச்சை அவசரமாகத் தேவைப்படலாம்.

வலி போனதும் சிகிச்சை முடிவதில்லை

இன்னைக்கு நான் சொல்றதுல நீங்க ஒண்ணே ஒண்ணை ஞாபகம் வச்சுக்கணும்னா, அது இதுதான். வலி போய்விட்டது, பாட்டி நடக்கிறார், எல்லாரும் மறந்துவிடுகிறோம். ஆனால் எலும்பு அதே எலும்புதான். முதுகெலும்பு முறிந்த வயதான பெண்களில், சிகிச்சை இல்லாவிட்டால், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் அடுத்த கட்டை நசுங்குகிறது. இதைத் தடுக்க மருந்து இருக்கிறது.

அலெண்ட்ரோனேட் என்பது வாரம் ஒரு மாத்திரை. சாப்பிடும் விதம்தான் முக்கியம். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் சாதாரணத் தண்ணீரில் விழுங்க வேண்டும். காபி, பால் கூடாது. அடுத்த அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, எதுவும் சாப்பிடவும் கூடாது. இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும், மருந்தும் உடம்பில் சேராது.

சோலெட்ரோனிக் அமிலம், ஆண்டுக்கு ஒரு முறை நரம்பு வழியாக ஏற்றப்படும் மருந்து. 2007-இல் வெளியான பெரிய ஆய்வில், மூன்று ஆண்டுகளில் முதுகெலும்பு முறிவுகளை இது சுமார் 70 சதவீதம் குறைத்தது. முதல் முறை போட்ட பிறகு ஓரிரு நாள் காய்ச்சல், உடம்பு வலி வரலாம். பயந்துபோய் அடுத்த ஆண்டு ஊசியை விட்டுவிடாதீங்க.

டெனோசுமாப், ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கு அடியில் போடும் ஊசி. இதில் தேதி தவறக் கூடாது. மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரைந்து, பல கட்டைகள் ஒரே நேரத்தில் நசுங்கிய அனுபவங்கள் பதிவாகியுள்ளன. டெரிபராடைட் என்பது புது எலும்பைக் கட்டத் தூண்டும் தினசரி ஊசி. கடுமையான நிலையில் உள்ளவர்களுக்குக் குறிப்பிட்ட காலம் வரை தருவார்கள். அதை முடித்ததும் வேறு மருந்தைத் தொடர வேண்டும்.

இவற்றில் எது என்பதைச் சிறுநீரகச் செயல்பாடு, ரத்தக் கால்சியம், வைட்டமின் டி அளவு பார்த்து டாக்டர் முடிவு செய்வார். பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்து தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மிக அரிதாகத் தாடை எலும்பில் பாதிப்பு வரும் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை.

கால்சியமும் வைட்டமின் டியும் அடித்தளம். ஆனால் முறிவு வந்த பிறகு அவை மட்டும் போதாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் 240 அளவுக்கு. முருங்கைக்கீரை, எள், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் நம்ம அடுப்படியிலேயே இருக்கிறவை. வைட்டமின் டி 60,000 யூனிட் மருந்தை மட்டும் தானாக வாங்கி வாரா வாரம் தொடராதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கும்.

வீடும் பஸ்ஸும்

முறிவைத் தடுக்கும் மலிவான வழி விழாமல் இருப்பது. பாத்ரூம் தரையை உலர வையுங்கள். சுவரில் ஒரு கைப்பிடி, இரவில் ஒரு சின்ன விளக்கு, வழுக்கும் மிதியடிக்கு விடை. கண்புரை இருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போட வேண்டாம். தரையிலிருந்து பொருளைக் குனிந்து எடுப்பதும், முன்னால் வளைந்து செய்யும் ஆசனங்களும் முறிவு வந்தவர்களுக்கு வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் முதுகு நிமிர்த்தும் பயிற்சியும் நடையும் நல்லது. பஸ்ஸில் கடைசி வரிசையைத் தவிர்த்து நடுப்பகுதியில் உட்கார வையுங்கள். இளைஞர்களே, அந்த சீட்டில் நீங்க இருந்தா எழுந்து கொடுங்க. அதுவும் ஒரு சிகிச்சைதான்.

உங்கள் கையில் இருக்கும் போன்

நம்ம எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கு. தாத்தா பாட்டிக்காக அதில் நாலு வேலை செய்யலாம்.

ஒன்று, எக்ஸ்-ரே, மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் படம் எடுத்து, அவங்க பெயரில் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். அடுத்த டாக்டர் பழைய எக்ஸ்-ரேயோடு ஒப்பிட்டால்தான் எது புது முறிவு என்று தெரியும்.

இரண்டு, வார மாத்திரைக்கும் ஆறு மாத ஊசிக்கும் ஆண்டு ஊசிக்கும் காலண்டரில் நினைவூட்டல் போடுங்கள். ஊசி தேதிக்கு ஒரு மாதம் முன்பே அது அடிக்கட்டும்.

மூன்று, எண்களைச் சேமியுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104. முதியோர் உதவி எண் 14567, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு 1800 425 3993. ஏதாவது சிகிச்சைக்காகச் சேருவதற்கு முன்பே, அது திட்டத்தில் வருமா, எந்த மருத்துவமனையில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாகப் பெற்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுகலாம்.

நான்கு, நடமாட முடியாதவர் இருந்தால் உங்க பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் உண்டு. இது பல பேருக்குத் தெரியாது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில், 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவுக்குப் போகலாம்.

டாக்டர் முன்னால் உட்காரும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். ‘டாக்டர், எலும்பு முறிஞ்சிருக்கா?’ முறிஞ்சிருக்கு என்று சொன்னால், ‘அடுத்த எலும்பு முறியாம இருக்க என்ன மருந்து?’ முதல் கேள்வியைப் பல பேர் கேட்கிறோம். இரண்டாவதைக் கேட்காமலேயே எழுந்து வந்துவிடுகிறோம்.

இந்த வாரம் ஒரு நாள், வீட்டுப் பெரியவங்களைச் சுவர் பக்கத்தில் நிற்க வைத்துப் பாருங்கள். முதுகு வலின்னு அவங்க சொன்னா, எந்த நாள்ல ஆரம்பிச்சது, என்ன செஞ்சப்போ வந்ததுன்னு கேட்டு போனில் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் திங்கட்கிழமை காலை ஓ.பி.க்குக் கூட்டிட்டுப் போங்க.